மறுபதிப்பும் சேதாரமும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்தவர்களுக்குச் 'சேதாரம்' என்ற சொல்லை அகராதி பார்த்து அறியவேண்டிய தேவை இருந்ததில்லை. தெருவுக்குத் தெரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். பழைய கொலுசை நிறுத்து உருக்கிப் புதிதாகச் செய்யும்போது குறைகிற எடையே சேதாரம். அதை மறைக்காமல் சீட்டில் எழுதிக் கொடுப்பவர் நாணயமான பட்டறைக்காரர். பழைய கொலுசின் மாதிரியைப் பார்த்து அதேபோல இன்னொன்று செய்வது இங்கே அன்றாடத் தொழில். அதில் தவறு காண்பவர் எவருமில்லை. புதிதாகச் செய்ததை 'பாட்டி காலத்துப் பழசு' என்று சொல்லி விற்றால் மட்டுமே பஞ்சாயத்து.

நூல்களை மறுபதிப்புச் செய்வது குறித்து யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டறைகளே நினைவுக்கு வருகின்றன. யோசிக்க வைத்தது ஒரு சிறு ஏமாற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் இரும்புக்கை மாயாவி சித்திரக்கதை ஒன்றை 3,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முத்து காமிக்ஸின் தொடக்க காலப் பிரதி என்றார். மேலட்டை இல்லை, முதல் தாளும் இல்லை. "பழசுன்னா அப்பிடித்தானுங்க இருக்கும்" என்றார். தாள் பழுத்திருந்தது. சிறுவயதில் லீ பஜார் பக்கம் ஒரு வாடகைப் புத்தகக் கடையில் நின்றுகொண்டே படித்துத் தீர்த்த கதை அது. பேரம் பேசவும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நான்காம் பக்கத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிட்டது. 'தலை' என்ற சொல்லில் இருந்த 'லை' இன்று நாம் எழுதும் 'லை'. 'ஆனால்' என்பதில் இருந்த 'னா' இன்றைய 'னா'. 1972இலோ அதையடுத்த ஓரிரு ஆண்டுகளிலோ அச்சான சித்திரக்கதையில் துதிக்கை தூக்கிய பழைய 'லை'யும், சுழித்துக் கீழிறங்கும் பழைய 'னா'வும் இருந்திருக்க வேண்டும். என் கையிலிருந்தது பிற்காலத்தில் வசனங்களை மறுபடி எழுதி அச்சிட்ட மறுபதிப்பு. ஆண்டும் விலையும் அச்சிட்டிருந்த தாள் தானாக உதிரவில்லை, கிழிக்கப்பட்டிருக்கிறது.

எழுத்துச் சீர்திருத்தத்தின் வரலாறு தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்ததே. பெரியார் 1935இல் தம் இதழ்களில் புகுத்திய எழுத்து வடிவங்களை, அவரது நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை மூலம் ஏற்றது. அதன்பின் பாடநூல்கள் மாறின. பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மாறின. ஆகவே ஓர் அச்சுப் பிரதியின் வயதைக் கணிக்க 'லை', 'னை', 'ணா' போன்ற எழுத்துகள் எளிய உரைகல். வகுப்பில் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன். 3,000 ரூபாயைக் கொடுப்பதற்கு முன் நானே அதை நினைத்துப் பார்க்கவில்லை.

கோபம் தணிந்த பிறகு ஒரு கேள்வி எஞ்சியது. நான் எதை இழந்தேன்? கதை அதேதான். படங்கள் அவையேதான். அன்று இரவே அதை ஒரே மூச்சில் படித்து மகிழவும் செய்தேன். அப்படியானால் அசல் பிரதி என்பதில் கதைக்கு மேல் என்ன இருக்கிறது?

*

இதற்கு விடை காணத் தமிழ்ச் சித்திரக்கதைகள் ஏன் அரிதாயின என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் இதழில் 1962 முதல் வெளியான 'தி ஸ்டீல் கிளா' என்ற தொடரே தமிழில் இரும்புக்கை மாயாவி ஆயிற்று. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து உலோகக் கை மட்டும் தெரியும் நாயகனின் கதை. கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். 1972 ஜனவரியில் சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு அந்தக் கதை. 1984 ஜூலையில் அவருடைய மகன் விஜயன், தமது 17ஆம் வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். 'கத்திமுனையில் மாடஸ்டி' அதன் முதல் இதழ். அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. அது சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து நின்றது.

இவை பல்லாயிரக்கணக்கில் அச்சாயின. பிறகு ஏன் கிடைக்கவில்லை? வைத்துக்கொள்ளத் தக்கவை என்று எவரும் கருதவில்லை என்பதே காரணம். பள்ளியில் கண்டால் ஆசிரியர் பறித்துக் கிழித்தார். வீட்டில் தீபாவளிக்கு முன் பரணைச் சுத்தம் செய்கையில் முதலில் வெளியேறியவை இவை. செவ்வாய்ப்பேட்டையில் அவற்றின் கடைசிப் பயணம் எனக்கு நன்றாகத் தெரியும். பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போகும். அங்கிருந்து மளிகைக் கடைக்கு. கடுகும் சீரகமும் மடித்த பொட்டலமாக மறுபடி வீட்டுக்கே வரும். பொட்டலத்தைப் பிரித்து, கசங்கிய தாளில் மாயாவியின் பாதி சாகசத்தைப் படித்துவிட்டு மீதிப் பாதிக்காக மறுநாளும் சீரகம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

பொது நூலகங்களும் பெரும்பாலும் இதே மனநிலையில்தான் இருந்தன. நூல் ஒப்படைப்புச் சட்டம் 1954 முதல் இருக்கிறது. கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்று அது சொல்கிறது. அச்சிலக்கியம் என்று மதிக்கப்பட்டவற்றுக்கே அந்த ஏற்பாடு ஓரளவு பயன்பட்டது. மாவட்டத் தலைநகர் ஒன்றில் சிறுவர் சித்திரக்கதைக்கு அலமாரி ஒதுக்கிப் பாதுகாத்த நூலகத்தை நான் கண்டதில்லை.

ஆக, எஞ்சியவை எல்லாம் தனிமனிதர்களின் டிரங்குப் பெட்டிகளில் எஞ்சியவை. இவர்களைத்தான் இன்று 'கலெக்டர்கள்' என்று சற்றே கேலியாகச் சொல்கிறோம்.

*

மறுபதிப்பு இந்தத் துறைக்குப் புதிதன்று. சிவகாசிக் குழுமமே 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் பழைய கதைகளுக்கென ஒரு தனி வரிசை நடத்தியது. இதழ்கள் ஒழுங்கின்றி வந்த ஆண்டுகளுக்குப் பிறகு, 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வெளிவந்தது. அதைத் தொடர்ந்து நல்ல தாள், வண்ண அச்சு, முன்பதிவு என்று நடைமுறையே மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ ஆகிய பழைய நாயகர்கள் மீண்டும் அச்சேறினர்.

அப்போது வாசகர்களிடையே எழுந்த விவாதம் கவனிக்கத்தக்கது. ஒரு சாரார், 'இந்தப் பழங்கதைகளுக்காகவே முப்பது ஆண்டுகள் காத்திருந்தோம்' என்றனர். இன்னொரு சாரார், ஃபிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி நாடுகளின் சிறந்த ஆக்கங்கள் தமிழுக்கு வரக் காத்திருக்கையில், படித்த கதைக்கே பக்கங்களைச் செலவிடலாமா என்று கேட்டனர். இரண்டாவது கேள்வியில் நியாயம் உண்டு. வாசகர் எண்ணிக்கை குறைந்த ஒரு துறையில் ஒவ்வொரு மறுபதிப்பும் வராமற்போன ஒரு புதுக்கதையே. பதிப்பாளர் இரு தரப்பையும் அணைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

இவ்விவாதம் முழுமையாக வெளிப்பட்ட இடம் 'இரத்தப் படலம்'. ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த, 1984இல் ஐரோப்பாவில் தொடங்கிய 'பதின்மூன்று' என்ற தொடரின் தமிழ் வடிவம். நினைவிழந்த ஒருவன், தன் உடலில் பச்சை குத்தப்பட்ட ரோமன் எண்ணை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு தன் கடந்த காலத்தைத் தேடிச் செல்லும் கதை. லயனில் 1980களில் தொடங்கி நீண்ட இடைவெளிகளுடன் வந்தது. இடையில் ஒரு பாகத்தைத் தவறவிட்டவன் கதையையே தவறவிட்டான். 2010இல் 18 பாகங்களையும் சேர்த்து, கறுப்பு–வெள்ளையில், 800க்கும் மேற்பட்ட பக்கங்களில், 200 ரூபாய் விலையில் ஒரே நூலாகக் கொண்டுவந்தார்கள். முன்பதிவு செய்தோரின் அளவுக்கே அச்சான நூல். ஆகவே தவறவிட்ட இதழ்களுக்கு மாற்றாக வந்த மறுபதிப்பே விரைவில் அரும்பொருளாகிவிட்டது. கைமாற்று விலை பலமடங்கு ஏறியது. 2018இல் அக்கதை முழு வண்ணத்தில் தொகுப்பாக மீண்டும் வந்தது.

2010ஆம் ஆண்டுப் பதிப்பைப் பெருவிலை கொடுத்து வாங்கியவர்கள் 2018இல் என்ன நினைத்தார்கள் என்பது எனக்கு ஆர்வமூட்டியது. நான் பேசிய சிலரில் வருந்தியவர் உண்டு; மறைத்துக்கொண்டவரும் உண்டு. பெரும்பாலோர் வண்ணப் பதிப்பையும் வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்திருந்தனர்.

*

எனது போலிப் பிரதியை அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க, சேலத்திலேயே இருக்கும் ஒரு சேகரிப்பாளரிடம் சென்றேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு இதழையும் தனித்தனி ஞெகிழி உறையில் வைத்து, நடுவே வேப்பிலை போட்டிருந்தார். அசலையும் என் பிரதியையும் மேசைமேல் விரித்தோம். படங்கள் ஒன்றே. வசனங்களில் ஆங்காங்கே மாற்றம். பழையதில் வடசொல் மிகுந்த ஒரு வாக்கியம் புதியதில் எளிமையாகி இருந்தது. ஓரிடத்தில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அசலில் இருந்த விளம்பரமும், அடுத்த இதழ் பற்றிய அறிவிப்பும் மறுபதிப்பில் இல்லை.

"மறுபடியும் போடறாங்களே, உங்க கையிலிருக்கிறதுக்கு மதிப்புக் குறையாதுங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அதத்தான் சார் கேக்கறாங்க" என்றார். "நான் விக்கறதுக்கா வெச்சிருக்கேன்? போடட்டுங்க. எம் பேரனுக்கு நானே புதுசு வாங்கிக் குடுத்தேன். இதத் தொடவிட்டா கிழிச்சிருவான்."

பிறகு உள்ளே சென்று 1980களின் லயன் இதழ் ஒன்றை எடுத்துவந்து கடைசிப் பக்கங்களைத் திறந்தார். வாசகர் கடிதப் பகுதி. அதில் நான்கு வரி. ஸ்பைடரின் கதை அருமை, அடுத்த மாதமும் வேண்டும் என்று எழுதிய ஒரு பையனின் பெயர், ஊர்: செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

"நான்தான் சார். எங்கப்பா படிப்பறியாதவரு. பட்டறையில கொலுசுக்குப் பத்த வெக்கிற வேல. எம் பேரு அச்சுல வந்திருக்குன்னு சொன்னதும், அந்தப் புஸ்தகத்தக் கொண்டுபோயி பட்டறை பூராவும் காட்டினாரு. கதைய எத்தன வாட்டி வேணும்னாலும் போடலாம். இந்தப் பக்கத்த யாரு போடுவாங்க?"

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. கதை என்பது பிரதி தாங்கி வருகிற பல பொருள்களில் ஒன்று. கடிதப் பகுதி, விளம்பரம், விலை, எழுத்து வடிவம், மொழிபெயர்ப்பின் நடை ஆகியவை சேர்ந்து அந்த மாதத்தை, அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்திருக்கின்றன. மறுபதிப்பு கதையை மீட்கிறது. மற்றவை சேதாரமாகப் போகின்றன.

*

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. வீடியோ விளையாட்டுகளின் உலகில் இதே வழக்கு இன்னும் கூர்மையாக நடந்தது. 2012 ஏப்ரலில் 'செனோபிளேட் கிரானிக்கிள்ஸ்' என்ற ஜப்பானிய விளையாட்டு அமெரிக்காவில் நிண்டெண்டோவின் 'வீ' கருவிக்காக வெளியானது. கேம்ஸ்டாப் என்ற கடைத்தொடரிலும் நிண்டெண்டோவின் நேரடி விற்பனையிலும் மட்டுமே அது கிடைத்தது. விரைவில் அருகிப்போனது. 2013இல் அதே கடைகளில் 'பயன்படுத்தியவை' என்ற பெயரில் ஏராளமான பிரதிகள் தோன்றின. விலையோ 90 டாலர், புதிதாக விற்றபோது இருந்த 50 டாலரைவிட மிக அதிகம். இவை புதிதாக அச்சாகி உறை பிரிக்கப்பட்டவை என்று சேகரிப்பாளர்கள் குற்றஞ்சாட்டினர். சந்தைத் தேவையே விலையைத் தீர்மானிக்கிறது என்பது நிறுவனத் தரப்பின் விளக்கம். அங்கே கிளம்பிய கோபத்தைக் கவனித்தால், 'ஏன் மறுபடி அச்சிட்டாய்' என்று கேட்டவர் குறைவு. 'அச்சிட்டதை ஏன் சொல்லவில்லை' என்பதே பெரும்பாலோர் கேள்வி. எனக்கு நேர்ந்ததும் அதுவேயல்லவா?

'பதின்மூன்று' கதையும் 2003இல் விளையாட்டாக வந்தது. சித்திரக்கதையின் தோற்றத்தையே திரையில் கொணர்ந்த அதன் ஓவியப் பாணி புகழ்பெற்றது. 2020இல் வந்த மறு ஆக்கமோ அந்தப் பாணியைக் கைவிட்டு, பிழைகள் மலிந்து வெளியானது. கடும் எதிர்ப்பைக் கண்டு வெளியீட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டனர். பழைய தட்டுகளை வைத்திருந்தவர்கள் அன்று சாட்சிகளாக நின்றனர். இது இப்படி இருக்கவில்லை என்று சொல்வதற்கு எவரிடமாவது பழையது இருக்க வேண்டும்.

விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒன்று 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை. ஆகவே மறுபதிப்பே கூடாது என்பவர், அந்த 87 விழுக்காட்டைப் பணமுள்ளோர்க்கும் திருட்டுப் பிரதிக்கும் விட்டுவிடுகிறார். நமக்கும் இது பொருந்தும். மாயாவியை 60 ரூபாய்க்கோ 100 ரூபாய்க்கோ ஒரு பையன் வாங்கமுடியாத நிலையில், பெட்டிக்குள் இருக்கும் அசலால் பண்பாட்டுக்கு என்ன பயன்?

*

சேகரிப்பாளரும் மறுபதிப்பாளரும் பகைவர்கள் என்ற எண்ணமே பிழை. நம் இலக்கிய வரலாறு இதை முன்பே காட்டியிருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூலும் இதழும் நாடக நோட்டீசும் திருமண அழைப்பும் என்று பேதமின்றிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று வெளியாகும் எத்தனையோ செம்பதிப்புகளுக்கு ஆதாரம் அங்கிருந்து கிடைக்கிறது. அவர் சேர்த்தபோது அவற்றில் பாதியைப் பிறர் குப்பை என்றே கருதியிருப்பார்கள்.

அதற்கும் ஒரு நூற்றாண்டு முன், 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தார்கள். இவர்களுடைய முகவுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஏடு யார் கொடுத்தார், எந்த ஊர், எங்கே சிதைவு, எங்கே பாடம் மாறுகிறது என்று சொல்லிவிட்டே நூலுக்குள் நுழைகிறார்கள். ஏடு வைத்திருந்தவரின் பெயர் அச்சில் நிற்கிறது. பதிப்பு வந்ததால் ஏட்டின் மதிப்புக் குறையவில்லை. பாடத்தைச் சரிபார்க்க இன்றும் ஏட்டிடமே செல்கிறோம்.

சங்க நூலுக்கு உரிய இந்த மரியாதையை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சித்திரக்கதைக்குக் கேட்பது மிகை என்று சிலர் கருதலாம். என் தலைமுறையில் சேலத்திலும் நாமக்கல்லிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளில் பலருக்கு முதல் நூல் அதுதான். தமிழ் எம்.ஏ. வரை வந்த நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் பதிப்பு எந்த ஆண்டு, எந்த எண்ணுள்ள இதழ், வசனம் மாற்றப்பட்டதா, பக்கம் குறைக்கப்பட்டதா, யாருடைய பிரதியைப் பார்த்து அச்சிட்டது. அரைப்பக்கம் போதும். முடிந்தால் கடைசியில் அந்த இதழின் கடிதப் பகுதியை அப்படியே படியெடுத்துச் சேர்க்கலாம். பட்டறைச் சீட்டில் சேதாரம் எழுதுவது போலத்தான்.

நண்பரின் வீட்டிலிருந்து திரும்பிய இரவு, என் பிரதியின் பின்னட்டைக்குள் பென்சிலால் எழுதினேன்: 'மறுபதிப்பு. 1978க்குப் பிந்தைய எழுத்து. முதல் தாள் கிழிக்கப்பட்டது.' அதன் கீழே நான் கொடுத்த விலையையும் எழுதினேன். அடுத்து இதை வாங்குபவர் எவராயினும் கதையை நிம்மதியாகப் படிக்கட்டும்.